கிள்ளுப்பெட்டி

ஆவுடைக்கு அந்தக் கம்பெனி சம்பளம் கொடுத்தது தொந்தரவு செய்வதற்காக. அடையாள அட்டையில் அதைக் கொஞ்சம் நாகரிகமாகத் 'தூண்டல் பிரிவு' என்று அச்சடித்திருந்தார்கள். வேலையில் சேர்ந்த அன்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அவள் கணவன் கொம்பையா, "வீட்டுல ஓசியில பாக்குற வேலைக்கு அங்க சம்பளம் தாராவளா? நல்ல கம்பெனிதாம்ளா" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஆவுடை முதுகைத் தடவிவிட்டாள்.

கொம்பையாவுக்கு இறுக்கம். வைத்தியப் புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, ஊரில் அதை யாரும் சொல்வதில்லை. நெஞ்சுத் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டையாகிக்கொண்டே வந்து, ஒருநாள் மூச்சை உள்ளே விடாமல் நிறுத்திவிடும். மாதம் ஓர் ஊசி போட்டால் தசை இளகிக் கொடுக்கும். ஊசி நின்றால், நோய் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றோடு வண்டி போயிற்று. ஊசி மட்டும் இருந்தது.

அந்த ஊசி ஒரு செடியிலிருந்து வந்தது. பாறைநொச்சி என்று பெயர். குற்றாலத்துக்கு மேலே, மலையில், ஈரப் பாறை இடுக்குகளில் தன்பாட்டுக்குக் கிடந்த செடி. புழு அரித்தால் இலையில் ஒரு கசப்புச் சாறு ஊறும். அந்தச் சாற்றிலிருக்கும் நொச்சரின்தான் மருந்து என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த கையோடு மலையில் பாறைநொச்சி இல்லாமல் போயிற்று. வேரோடு பிடுங்கி, மூட்டை கட்டி, இராத்திரியோடு இராத்திரியாக இறக்கிவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? பிடுங்கியவர்கள் வீட்டிலும் யாருக்காவது மூச்சு இறுகிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் மிஞ்சியது ஓர் இலையிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் மட்டும். ஆளுயரக் கண்ணாடித் தொட்டிகளில், சர்க்கரைத் தண்ணீரில், கேப்பைக் கூழ் பதத்தில் அவை மிதந்தன.

முதல் நாள் டாக்டர் ஜெபசிங்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினார். நாகர்கோவில்காரர், கம்பெனியின் அந்தக் கிளைக்குத் தலைவர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல வராத மனிதர். சொல்லவேண்டியதையும் சொல்லாமல் விட்டுவிடுவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"இது செடி இல்ல, கேட்டியளா. செடியா ஆகவிடாம வச்சிருக்கிற கூழு. நொச்சரின் நமக்குத்தான் மருந்து, அதுக்கு அது பயமாக்கும். ஏதோ ஒண்ணு நம்மளத் திங்க வருதுன்னு தோணுனாத்தான் சுரக்கும். சொகமா வச்சா தின்னுட்டுப் பெருத்துட்டுக் கெடக்கும், ஒரு சொட்டு வராது."

"அப்பம் ஏதாச்சும் மிஷின வச்சுப் பயங்காட்ட வேண்டியதுதான சார்? நான் எதுக்கு?"

"காட்டுனோம். மிஷின் எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சுது. ஒழுங்கா வர்ற கஷ்டம் எதுவா இருந்தாலும் பழகிரும்லா? பழகிட்டு. எதிர்த்தாப்புல இருக்கே அந்த மூணு தொட்டியும், மரத்துப்போச்சு. என்ன செஞ்சாலும் அசையாது. மனுசன்தான் தோணுன நேரத்துக்குத் தோணுன மாதிரி செய்வான். அதுக்குத்தான் உங்கள எடுத்திருக்கு."

கொடுத்த கருவி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. ஒரு குமிழைத் திருகினால் தொட்டிக்குள் சூடு ஏறும். இன்னொன்று குளிர், இன்னொன்று கண் கூசும் வெளிச்சம். கடைசிக் குமிழ், புழு எச்சிலின் சாரத்தைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. எல்லாரும் கிள்ளுப்பெட்டி என்றார்கள்.

ஆவுடைக்கு முதலில் அது பிடிக்கவில்லை. கூழ்தானே, அதற்கென்ன தெரியும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாலும், ஒன்றும் செய்யாமல் கிடப்பதைச் சும்மா சும்மா கிள்ளுவது பாவமாகப் பட்டது. கொம்பையாவின் ஊசி நினைவுக்கு வரும். திருகுவாள். ஆனால் திருகுவதற்கு முன்னால் ஒன்று செய்வாள். கொம்பையா போட்ட மோதிரம் படும்படி, மோதிர விரலால் தொட்டிக் கண்ணாடியை மூன்று தட்டு மெல்லத் தட்டி, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கொம்பையாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வண்டியில் ஏறியதும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் அவன் சாவியைத் திருப்பியதில்லை. ஆவுடை மன்னிப்பு ஒன்றையும் அதோடு சேர்த்துக்கொண்டாள். தப்பா எடுத்துக்கிடாத தாயி, என் வீட்டுக்காரருக்கு வேணும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அதிசயம் என்னவென்றால், அவள் வேலை பார்த்த நேரத்தில் மட்டும் மருந்து கூடுதலாகச் சுரந்தது. வேறு ஆட்கள் அதே பெட்டியை அதே மாதிரி திருகினார்கள், அவ்வளவு வரவில்லை. ஜெபசிங் தலையைச் சொறிந்தார். எல்லாவற்றையும் அளந்து பார்த்தும் காரணம் பிடிபடாமல் கடைசியில் அவரும் மற்றவர்கள் சொன்னதையே சொன்னார்: "கைராசியாக்கும்." விஞ்ஞானி அப்படிச் சொன்னதில் ஆவுடைக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சொன்னபோது கொம்பையா, "பின்ன? இருவது வருசமா எனக்குல்லா தெரியும் ஒன் கைராசி. தொட்டா அலறாத ஆளு உண்டுமா?" என்றான்.

அவள் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆன பிறகு, ஓர் ஆயுத பூஜை வந்தபோது ஒரே ஒரு தொட்டிதான் உயிரோடிருந்தது. தென்மாவட்டங்களில் இறுக்கம் கண்ட அத்தனை பேருக்கும் அந்த ஒரு தொட்டியிலிருந்துதான் ஊசி போயிற்று. ஆனாலும் பூஜை பூஜைதான். கூடத்தைக் கழுவிவிட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டி, தொட்டியின் இரும்புக் காலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பொரிகடலை வாங்கி வருவது எப்போதும் மைதீன். கடையநல்லூர்ப் பையன், தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து அளவு பார்ப்பது அவன் வேலை. சுண்டல் பங்கு வைக்கும்போது தனக்கு மட்டும் தேங்காய்ச்சில் கூடுதலாக விழும்படி பார்த்துக்கொள்வதும் அவன்தான்.

ஆவுடை கிள்ளுப்பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைத்து, மஞ்சள் துணி விரித்துச் சாமி படத்தின் முன் வைத்தாள். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமியன்று சூடம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். அவள் சேர்ந்த நாளிலிருந்து எல்லா வருடமும் இப்படித்தான் நடந்திருக்கிறது, தொட்டிக்கு ஒன்றும் ஆனதில்லை. அந்த ஒருநாள் தொட்டியைப் பார்க்க அவளுக்கே மனதுக்கு இதமாக இருக்கும். "இன்னைக்கு ஒனக்கும் லீவு தாயி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். வழக்கத்துக்கு மாறாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். ஜெபசிங் ஊரில் இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார்.

மறுநாள் காலையில் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மைதீன் ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஆவுடக்கா, வந்த ஒடனே மாதிரி எடுத்துப் பாத்தேன். ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா இல்ல."

"ஒழுங்காப் பாத்தியால?"

"ரெண்டு மட்டம் பாத்துட்டேன். நீங்களே வந்து தொட்டியப் பாருங்க."

பார்த்தாள். வெளிறிய கூழுக்கு நடுவே அங்கங்கே பச்சை. கிட்டே போனாள். ஒவ்வொரு பச்சையும் ஒரு குருத்து. நகத்தளவு இரண்டு இலைகள் கைகூப்பிய மாதிரி ஒட்டிக்கொண்டு, கீழே மயிரிழை போல வேர். பாறைநொச்சி. படத்தில் மட்டும் பார்த்த செடி. மலையிலிருந்து போனபிறகு ஒருவர் கண்ணிலும் படாதது, பத்து ஐம்பது குருத்தாக அவள் கண் முன்னால் மிதந்தது. மருந்து இல்லை என்று ஒரு நிமிடம் முன்பு கேட்டதெல்லாம் மறந்துவிட்டது. கண்ணாடியை மோதிர விரலால் மூன்று தட்டுத் தட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தனை வருடத்தில் கிள்ளுவதற்கல்லாமல் அப்படித் தொட்டது அன்றுதான்.

ஜெபசிங் கல்யாண வேட்டியோடு கார் ஏறி வந்து சேர்ந்தார். குருத்துகளைப் பார்த்தார். அவருக்கும் முதலில் முகம் மலர்ந்தது. அப்புறம் அளவைக் கேட்டார், மலர்ந்தது சுருங்கிவிட்டது.

"நேத்து எத்தனை மட்டம் கிள்ளுனிய?"

"நேத்து பூஜைல்லா சார். பெட்டி சாமி முன்னால இருந்துச்சு."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எல்லா வருசமும் பூஜை அன்னைக்கு என் ரூம்ல இருந்து அந்தக் கிள்ள நான் கொடுப்பேன், ஆவுடை. நீங்கள்லாம் சுண்டல் தின்னுட்டு இருக்கும்போ. அங்க கம்ப்யூட்டர்ல ஒரு வழி உண்டும்."

"எங்ககிட்ட நீங்க சொன்னதே இல்லையே சார்."

"நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். ஒங்க சாமி காரியத்துல நான் ஒண்ணு சொல்லி, ஒங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்லல. ஒங்களுக்குத் தெரியும், தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கியன்னு நெனச்சேன். இந்த வருசம் நான் இல்லாததுனால நீங்களே கொடுத்திருப்பியன்னும் நெனச்சேன்."

மரியாதைக்காக அவர் மறைத்தார், மரியாதைக்காக அவள் பெட்டியைத் தொடவில்லை. சண்டைபோடும் ஆட்களாக இருந்திருந்தால் முதல் வருடமே ஒரு சத்தம் போட்டு விஷயம் தெளிந்திருக்கும். நல்லவர்களாக இருந்ததற்கு இந்தக் கூலி.

"இனி கிள்ளுனா வராதா சார்?"

"பயம் இருக்கிற வரைக்கும் அது கூழு. ஒருநாள் பயம் விட்டுப்போச்சு, செடியாயிரலாம்னு கெளம்பிட்டு. திரும்பக் கூழா ஆக்க முடியாது. மலையில பாத்தவங்க எழுதி வச்சபடி, பாறைநொச்சி மூணு வருசம் வளந்து பூத்தாத்தான் இலையில மருந்து பிடிக்கும். அதுக்கு முன்னால புழு கடிச்சாலும் வராது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணு செய்யலாம். உயிர் போற அளவுக்கு ஒரே கிள்ளாக் கிள்ளுனா, சாகும்போ கொஞ்சம் சுரக்கும். அதோட தீந்துச்சு."

மைதீன் மாதிரி எடுக்கும் குழாயோடு நின்றிருந்தான். "சார், எதுக்கும் இன்னொரு மாதிரி எடுத்துப் பாக்கட்டா? காலையில பாத்ததுதான், இப்பம் எப்படி இருக்குன்னு."

"வேண்டாம் மைதீன். பச்சை விட்டா முடிஞ்சுது. இருக்கிறதுல ஒரு சொட்டு வீணாக்க வேண்டாம்."

மைதீன் குழாயை மேசைமேல் வைத்துவிட்டான்.

தலைமை அலுவலகத்தில் கேட்டபோது அவர்களும் ஒரே கிள்ளாகக் கிள்ளிவிடத்தான் சொன்னார்கள். ஆவுடை காலில் விழாத குறையாகக் கேட்டு ஒரு குருத்தை மட்டும் காப்பாற்றினாள். ஒன்று போதும், பின்னால் பதியன் போட்டுக்கொள்ளலாம் என்று ஜெபசிங்கும் பரிந்து பேசினார். அதை ஈர மண் போட்ட ஒரு சட்டியில் ஊன்றினார்கள். மற்றதையெல்லாம் கிள்ளவேண்டியது அவள் பொறுப்பு. சாமி முன்னாலிருந்த பெட்டியை எடுத்தாள். சூடம் காட்ட யாருக்கும் நினைவில்லை. கண்ணாடியை விரலால் தட்டினாள். அன்று மூன்று தட்டோடு நிறுத்த மனம் வரவில்லை, தட்டிக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் நீர் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை. பிறகு எல்லாக் குமிழையும் கடைசிவரை திருகினாள்.

பச்சை பழுப்பாகி, பழுப்பு கறுத்து, தொட்டி கலங்கியது. மருந்து எல்லாரும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. ஒருமாத ஊசிக்குத் தேறுமா என்று கையைப் பிசைந்தவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு வந்தது. 'சாகிற நேரத்தில் எவ்வளவு கொடுத்துவிட்டுப் போகிறது பார்' என்று தலைமை அலுவலகத்தில் யாரோ உருகினார்களாம். ஆவுடை வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னாமல் படுத்துவிட்டாள்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு ஊசி இல்லை.

இல்லை என்றால் என்னவென்று அதை எதிர்பார்த்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். கம்பெனி வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். முதலில் கத்தினார்கள், கல்லெறிந்தார்கள். அப்புறம் கத்துவதற்கு மூச்சில்லாமல் சும்மா நின்றார்கள். ஒவ்வொரு வாரமும் நின்றவர்களில் சிலர் குறைந்தார்கள். ஆவுடை பின்வாசல் வழியாகப் போய்வந்தாள். இப்போது அவளுக்கு வேலை சட்டியிலிருந்த செடியைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் அதைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தார்கள். யாரும் கிள்ளக்கூடாது, இலை பறிக்கக்கூடாது, மூன்று வருடம் நிம்மதியாக வளரட்டும் என்று உத்தரவு. தண்ணீர் தெளிப்பாள், பழுத்து விழுந்த இலையைக் கூட்டிக் குப்பையில் போடுவாள். செடி தளதளவென்று வந்தது.

வீட்டில் கொம்பையா மெலிந்துகொண்டே வந்தான். பேச்சு துண்டு துண்டாகிவிட்டது. கிண்டல் மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் கஞ்சியை ஊட்டும்போது ஆவுடை கேட்டே விட்டாள். "அந்தச் செடியக் கிள்ளிட்டு வந்திரட்டா? நான்தான் பாத்துக்கிடுதேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"கிள்ளுனா... எவ்வளவு வருமாம்?"

"பூக்காம ஒண்ணும் வராதுன்னு சார் சொல்லுதாவ. ஒருவேள வந்துட்டுன்னா?"

கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு மூச்சைச் சேர்த்தான். சேர்த்த மூச்சை வீணாக்கக்கூடாது என்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினான். "வராததுக்கு... அத எதுக்குளா கொல்லுத. அது வளந்தா... எவனோ ஒருத்தன் வண்டி ஓட்டுவாம்லா. விடு." கொஞ்சம் பொறுத்து, "நீ தெனமும்... அதத் தொட்டுக் கும்பிடுதியா?" என்றான்.

"பழைய பழக்கம். எப்பமாச்சும் செய்வேன்."

"தெனமும் செய்யி. என் பேரச் சொல்லிச் செய்யி. வண்டிய எடுக்க முன்னால... நான் செய்வேம்லா, அப்படி."

செய்தாள். தினமும் காலையில் கூண்டுக்குள் போனதும் முதல் வேலையாக, சட்டியின் விளிம்பை மோதிர விரலால் மூன்று தட்டுத் தட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொம்பையாவின் பெயரைச் சொன்னாள். இலைகள் லேசாகச் சிலிர்த்தமாதிரி இருக்கும். தன்னை அடையாளம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நாட்களில் அவளுக்கிருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

தை பிறந்து சில நாளில், காலையில் காப்பி ஆற்றிக்கொண்டு வந்து எழுப்பினபோது கொம்பையா எழுந்திருக்கவில்லை. நெஞ்சு கல்லாக இருந்தது. ஆவுடை காப்பியைக் கீழே வைத்தாள். அக்கம்பக்கம் கேட்கும்படி அலறவேண்டும் என்று தெரிந்தது, குரல் வரவில்லை. பக்கத்தில் படுத்து அந்த நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அவளைத் தேடி யாரோ வரும்வரை அப்படியே கிடந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். வேறு எங்கே போவது? வாசலில் நிற்கும் கூட்டம் பாதிகூட இல்லை. தாலியைக் கழற்றியிருந்தார்கள், மோதிரத்தை மட்டும் அவள் கழற்றவிடவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஜெபசிங்கும் மைதீனும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் இல்லாத நாட்களில் பெரிய செடியிலிருந்து பதியன் போட்ட சின்னச் சட்டிகள் வரிசையாக இருந்தன. இரண்டு பேர் முகத்திலும் துக்கம் கேட்கிற முகத்துக்குமேல் வேறு ஏதோ இருந்தது.

"உக்காருங்க ஆவுடை," என்றார் ஜெபசிங். "ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்துரலாம்னு நெனச்சேன். முன்னால ஒண்ணச் சொல்லாம இருந்துதான் இந்தக் கெதி."

"சொல்லுங்க சார்."

"நீங்க கூட்டிப் போட்ட இலையெல்லாம் மைதீன் குப்பையில இருந்து பொறுக்கி வச்சிருந்தான்."

"இருக்கிறதே ஒரு செடி, தூரப்போட மனசு வரலக்கா," என்றான் மைதீன், அவளைப் பார்க்காமல்.

"நீங்க லீவுல இருந்தப்போ விழுந்த இலையும் இருந்துது. சும்மா இருக்கோமேன்னு எல்லாத்தையும் அளந்து பாத்தேன். நீங்க இல்லாத நாள் இலையில ஒண்ணும் இல்ல. நீங்க இருந்த நாள் இலை..." அவர் மைதீனைப் பார்த்தார். "பூரா நொச்சரின். தொட்டியில கூட அந்த அளவு வந்ததில்ல. ஒரு கை இலை ஒரு ஊசிக்குப் போதும்."

ஆவுடைக்கு விளங்கவில்லை. "நான் அதக் கிள்ளலையே சார். ஒருநாள்கூட... பெட்டியவே நான் தொடல."

"தெரியும். காலையில வந்த ஒடனே என்ன செய்விய? அதச் செய்யுங்க."

அவர் பெரிய செடியின் ஓர் இலையில் அளவு காட்டும் கவ்வியை மாட்டினார். முள் அடியில் கிடந்தது. ஆவுடை விரலை நீட்டிச் சட்டி விளிம்பை மூன்று தட்டுத் தட்டினாள். இலைகள் சிலிர்த்தன. முள் எழுந்தது. எழுந்து, மறுகோடியில் போய் முட்டி நின்றது.

"கைராசின்னு சொன்னோம்லா," என்றார் ஜெபசிங். "அத்தனை வருசமும் உங்க மோதிரம் கண்ணாடியில தட்டுன பெறகுதான் அதுக்கு வலி வரும். நீங்க மன்னிப்புக் கேக்கியது அதுக்கு எப்படித் தெரியும்? வலி வரப்போகுதுன்னுதான் தெரிஞ்சுது. அந்தக் கூழுல இருந்து வந்த செடிதான இது, மறக்கல. பூக்கவும் வேண்டாம், மூணு வருசமும் வேண்டாம். நீங்க வந்து தட்டுனாப் போதும்."

ஆவுடை செடியைப் பார்த்தாள். மாதக்கணக்காகத் தலைகோதி வளர்த்தது. தன்னை அடையாளம் தெரிகிறது என்று அவள் நினைத்தது சரிதான். தெரிந்திருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கொம்பையா பெயரைச் சொல்லி அவள் தொட்ட ஒவ்வொரு காலையிலும் அந்த இலைகளில் அவனுடைய மூச்சு ஊறியிருக்கிறது. ஊறிய இலை பழுத்து விழுந்திருக்கிறது. அதைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அவனுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள்.

"விஜயதசமி அன்னைக்கும் தொட்டேன் சார்," என்றாள். "குருத்தப் பாத்த சந்தோசத்துல. நீங்க வாரதுக்கு முன்னால."

ஜெபசிங் இலையிலிருந்து கவ்வியைக் கழற்றினார்.

"அதுக்குப் பெறகுதான் மைதீன் இன்னொரு மாதிரி எடுக்கட்டான்னு கேட்டான்."

"ஆமா. கேட்டான்."

"எடுத்திருந்தா அப்பமே தெரிஞ்சிருக்கும், ஒண்ணையும் கொன்னுருக்க வேண்டாம். அத்தன குருத்தும் இருந்திருக்கும். இலைய மட்டும் பறிச்சிருக்கலாம். எங்க வீட்டுக்காரரும் இருந்திருப்பாவ."

மைதீன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதான். அவன் அழட்டும் என்று விட்டுவிட்டார்கள். அழுவதற்காவது அங்கே ஓர் ஆள் இருந்தான்.

மைதீன் அழுது ஓய்ந்ததும் ஜெபசிங் சொன்னார்: "நான் தட்டிப் பாத்தேன். இவனும் மோதிரம் போட்டுத் தட்டிப் பாத்தான். வரல. உங்க தட்டு அதுக்குத் தெரியுது. வாசல்ல நிக்கவங்களுக்கு இன்னைக்கு இலை பறிச்சா, வார ஞாயிறுக்குள்ள ஊசி அனுப்பிரலாம். உங்களால முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. நான் மறுவார்த்த கேக்கமாட்டேன்."

ஆவுடை எழுந்தாள். கண்ணாடிக்கு அப்பால், வாசலில், ஒரு பெண் கணவனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவுகிற கை எங்கே நின்று எங்கே அழுத்தும் என்று ஆவுடைக்கு மனப்பாடம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு முதல் சட்டிக்குப் போனாள். நாலே இலை விட்டிருந்த கன்று. மோதிர விரலை மடக்கி விளிம்பில் மூன்று தட்டுத் தட்டினாள். நாலு இலையும் சிலிர்த்தன. பழக்கத்தில் விரல் கண்ணை நோக்கி உயர்ந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அடுத்த சட்டிக்குப் போனாள்.